ஒரிஜினல் தரப்படமாட்டாது

என் கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் நல்ல சிவப்பு. நான் சொல்லவில்லை, ஆல்பம் சொல்கிறது. மலையில் ஏலக்காய் எடுத்தே கறுத்துப்போன சனம், பள்ளத்தில் தோட்டம் தோட்டமாக வெயிலில் நின்ற சனம், எல்லாரும் அந்த ஆல்பத்துக்குள் நுழையும்போது ஒரே நிறத்துக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பாவின் நெற்றியில் மாடு முட்டிய தழும்பைக் காணோம். எனக்கு மூக்கு கொஞ்சம் நீண்டிருக்கிறது. மண்டபத்து வாசலில் படுத்திருந்த நாய்கூட அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து படுத்தது மாதிரித்தான் இருக்கிறது.

இத்தனை பேருக்கும் புது முகம் கொடுத்த மகராசன், போடியில் நான் வேலை பார்த்த, ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு இரண்டு கடை தள்ளி ஸ்டுடியோ வைத்திருந்தார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லாவிட்டாலும் கோபித்துக்கொள்வார். சொல்லாமலே விடுகிறேன். ஊருக்கெல்லாம் அவர் ஸ்டுடியோ அண்ணன்.

அவர் கடைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது சாமி படங்களுக்குப் பக்கத்தில், சாமிகளைவிடப் பெரிதாக மாட்டியிருந்த ஒரு பலகை: 'ஒரிஜினல் தரப்படமாட்டாது.' கேமராவில் எடுத்தபடியே, அவர் கை படாமல் இருக்கிற படங்களுக்குத்தான் அந்தக் கடையில் ஒரிஜினல் என்று பெயர். விவரம் தெரியாத ஓரிருவர் அதைப் படித்துவிட்டு, இங்கே எல்லாமே போலி போலிருக்கிறது என்று அடுத்த கடைக்குப் போனதும் உண்டு. அதற்காகப் பலகையை எடுக்கிற ஆளா அவர்? எழுத்துக்குப் புதிதாகச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்.

ஒரிஜினல்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்குகளில், ஹார்ட் டிஸ்க்குகள் பிஸ்கட் டின்னில், டின் இரும்பு பீரோவில், பீரோ சாவி அவர் அரைஞாணில். ஆயுத பூசைக்கு ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். தாலி கட்டிக்கொண்டவர்களே தங்கள் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமென்றால், அந்த அரைஞாணைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தன் விஷயத்திலும் அவர் கறார்தான். மீசைக்கு மை, தலைக்கு மை. கடை போர்டில் இருக்கும் அவருடைய படத்தைப் பார்த்து, உங்கள் மகனா என்று கேட்ட வெளியூர்க்காரருக்கு அன்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஆதார் அட்டைக்குப் படம் எடுத்த பெண்ணோடு அவருக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. அரசாங்கமே ஒரிஜினலை வெளியே விட்டுவிட்டது என்று பல நாள் புலம்பினார்.

ஒருமுறை மேலே எஸ்டேட்டிலிருந்து ஒரு அக்கா வேலைக்கு மனுப் போட பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக்கொண்டு போனார். சான்றிதழில் அங்க அடையாளம் 'இடது கன்னத்தில் மச்சம்' என்று இருக்கிறது. படத்தில் கன்னம் பளிங்காட்டம் இருக்கிறது. ஆள் மாறாட்டம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அக்கா ஜீப்பு பிடித்து மறுபடி இறங்கி வந்து நியாயம் கேட்டார். இவருக்கு வந்ததே கோபம், அந்த அதிகாரி மேல். ஒரு பொம்பளப்பிள்ளைக்கு மச்சம் இருந்தே ஆகணும்னு சட்டமா என்று கேட்டார். கடைசியில் மச்சத்தைத் திரும்ப வைத்துக் கொடுத்தார். வலது கன்னத்தில்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவருக்கு ஒரு குறை உண்டு. அவர் பார்வை முகத்தில் தொடங்கி மார்பில் முடிந்துவிடும். கால் என்று ஒன்று மனுசனுக்கு உண்டென்பதே அவருக்கு ஞாபகம் இருக்காது. தேவாரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா இறந்து வருசம் ஆகிவிட்டது, அவரும் மேடையில் நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார்கள். அண்ணன் பழைய படத்திலிருந்து அப்பாவை வெட்டி எடுத்து, சிவப்பாக்கி, நரையை நீக்கி, மகனைவிட இளசாக்கி மணமக்கள் பக்கத்தில் நிறுத்தினார். எல்லாம் சரி. ஆனால் அப்பாவின் கால் இரண்டும் மேடையிலிருந்து நாலு விரற்கடை மேலே அந்தரத்தில் நின்றன. அந்த வீட்டுக்காரர்கள் படத்தைப் பார்த்து விழுந்து கும்பிட்டார்கள். ஆவியாக வந்து ஆசீர்வாதம் பண்ணியிருக்கிறார் என்று சூடம் காட்டினார்கள். தரையில் நிற்க வைக்க மறந்துவிட்டேன் என்று அவர் எங்கே போய்ச் சொல்லுவார்.

ஆனால் உழைப்பில் குறை சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு அடுத்து வந்து நிற்பவர் அவர். கடைசிப் பந்தி முடிகிறவரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். கேமராப் பையில் கேமராவைவிட மற்றச் சாமான்தான் அதிகம் இருக்கும்: பவுடர் டப்பா, சீப்பு, சேலை குத்த ஊசி, ஒரு வெள்ளைச் சட்டை, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஜரிகை வேட்டி. சட்டையும் வேட்டியும் யாருக்கு என்று கேட்டால், படத்தைக் கெடுக்கிற மாதிரி வருகிறவர்களுக்கு என்பார். அந்த வேட்டியை யார் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

என் தாய்மாமா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப்போனால்தான் பெண் மணவறை ஏறுவாள். அவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் என்னைத் தன் மகனுக்குக் கேட்டு, அப்பா வேறு இடத்தில் கொடுத்ததில் மாமாவுக்கு வருத்தம் என்று ஒரு பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாளே மாமா இறங்கி வரவில்லை. பச்சைக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிகிறது, விட்டு வந்தால் காய் கருகிவிடும், விடியக்கருக்கலில் ஜீப்பில் வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னார். அம்மாவுக்கு அப்போதே முகம் சுருங்கிவிட்டது.

ஐப்பசி மழை. விடியற்காலையில் மலைப்பாதையில் பாறை சரிந்து, வண்டியெல்லாம் நின்றுவிட்டது. முகூர்த்த நேரம் நெருங்கியும் மாமாவைக் காணோம். கடைசியில் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மச்சான் ஒருவரைப் பிடித்து மாலை போட வைத்து என்னை மணவறைக்கு ஏற்றினார்கள். தாலி ஏறிக் கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். மொடமொடவென்று வெள்ளைச் சட்டை, ஜரிகை வேட்டி, நெற்றியில் சந்தனம், வாரிய தலை. ரோடு திறந்த பிறகு ஜீப்பில் சாவகாசமாக இறங்கி, அலங்காரம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். பிறந்ததிலிருந்து 'டேய்' என்று கூப்பிட்ட தம்பியைப் பார்த்து, எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"வாங்க. விருந்தாளிக எல்லாம் சாப்டுட்டுத்தேன் போகணும்."

மாமா என் தலையில் கையை வைத்துவிட்டு, இலை பக்கமே போகாமல் படி இறங்கினார். அதற்குப் பிறகு இரண்டு வருசம் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. நான் போன் பண்ணினால் மாமா தோட்டத்தைப் பற்றிப் பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார். அன்றைக்கு என்னதான் ஆச்சு என்று ஒருமுறை கேட்டேன். "அது கெடக்கட்டும் ஆத்தா. கழிஞ்சது கழிஞ்சு, கேட்டோ," என்று பாதி மலையாளத்தில் மூடிவிட்டார்.

அப்புறம் என் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் வைக்க வேண்டும். அம்மா வைக்கமாட்டேன் என்றார். மாலை போட ஆளா கிடைக்காது, போன தடவை கிடைக்கவில்லையா என்றார். இந்தத் தடவையும் விட்டுவிட்டால் அப்புறம் சாவுக்குத்தான் வருவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்திரிகை அச்சாகி வர ஒரு வாரம் இருந்தது.

தங்கை கல்யாணத்துக்கும் படம் எடுக்கத் தேதி சொல்ல ஸ்டுடியோவுக்குப் போனேன். வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள், ஊரில் எல்லாரும் அவரைத் திட்டிக்கொண்டே அவரிடம்தான் போவோம். அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற ஒரு புது ஜோடி, எங்கள் முகம், எங்கள் கல்யாணம், எங்கள் ஒரிஜினலைக் கொடுங்கள் என்று நின்றது. அண்ணன் தன் வழக்கமான பாட்டை எடுத்துவிட்டார். கல் பொறுக்காமல், களையாமல் அரிசியை யாராவது இலையில் வைப்பார்களா என்றார். முன்னொரு காலத்தில் இளகிப்போய் ஒரு வீட்டுக்கு ஒரிஜினலைக் கொடுத்தாராம். கல்யாணப்பெண் மூக்கு ஒழுக அழுத படத்தை எடுத்து எவனோ வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டு, அந்தப் பெண் ஆறு மாதம் வெளியே தலைகாட்டவில்லையாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் அதைச் சொல்லும்போது அவர் குரல்கூட ஒரிஜினலாக இருந்தது.

பிறகு என்னைச் சாட்சிக்கு இழுத்தார். நீ ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்காமல் தூசி தும்போடவா விற்கிறாய் என்று கேட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. ஏலம் விடுகிற இடத்தில் மாதிரிக் காயைத் தட்டில் போட்டுக் கையில் தருகிறார்கள், உரித்து மோந்து பார்த்துத்தான் வாங்குகிறோம், காய்க்குப் பச்சைச் சாயம் அடித்தால் வெளியே தள்ளிவிடுவார்கள் என்றேன். அந்த ஜோடிக்கு ஒரே சந்தோசம். அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. என்னை மடக்க அவர் எடுத்துவிட்டதுதான் இது:

"நன்றி கெட்டுப் பேசாத பாப்பா. ஒன் கல்யாணத்தன்னைக்கு ஒரு ஆளு லுங்கியும் ரெண்டு நாள் தாடியுமா, தலையில இருந்து கால் வரைக்கும் சேறும் சகதியுமா வந்து படியில நின்னாரு. நாந்தேன் மறிச்சேன். பின்னாடி கூட்டிட்டுப் போயி, குளிக்கச் சொல்லி, என் வேட்டி சட்டையக் குடுத்து ஆளாக்கி விட்டேன். அந்தக் கோலத்துல மேடை ஏறியிருந்தா ஒன் ஆல்பம் என்னத்துக்காகும்?"

முகூர்த்தத்துக்கு முன்னாலா, பின்னாலா என்று மட்டும் கேட்டேன். முன்னால்தான், இன்னும் நேரம் இருக்கிறது, அஞ்சு நிமிசத்தில் குளித்துவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன் என்றார். பின்கட்டுக் குழாயில் அன்று தண்ணீர் நூலாக வந்ததாம். கெட்டிமேளம் கேட்டபோது அந்த ஆள் தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தாராம், நல்லவேளையாக இவர் கடைப் பையன் ஒருவனை விட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம். இவ்வளவையும் அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

"அண்ணே, அது என் தாய்மாமா," என்றேன்.

ஒரிஜினல் கேட்டு வந்த ஜோடிகூடக் கேட்டதை மறந்து நின்றது. அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சேறு அப்பிய முகத்தில் மாமன் எது, மச்சான் எது என்று எப்படித் தெரியும் என்று முனகினார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மாமா ஏன் அதைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தவர், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சேற்றோடு நிற்கக் கூசி, யாரோ ஒரு கேமராக்காரர் பேச்சை நம்பி, குழாயடியில் தன் உரிமையைத் தொலைத்திருக்கிறார். அதற்கு மேல் 'வாங்க' என்று ஒரு வார்த்தை. என்னத்தைச் சொல்லுவார்?

நான் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா காய்கறி அரிவதை நிறுத்தவில்லை. என்னைப் பத்து வயசு குறைத்துக் காட்டினவன் பேச்சை நான் நம்பணுமாக்கும் என்றார். நீயும் அவனும் சேர்ந்து தம்பிக்காக ஜோடிக்கிறீர்கள் என்றார். ஊரே நம்பாத மாதிரித் தொழில் பண்ணினால், உண்மை சொல்கிற அன்றைக்கும் இதுதான் கதி.

மறுநாள் திரும்பப் போனேன். மாமா படியில் நின்றபோது வெளிச்சம் பார்க்க அவரையே ஒரு படம் எடுத்ததாக அண்ணன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அந்த ஒன்றை மட்டும் கொடுங்கள் என்றேன். அண்ணன் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான வேதனை இருந்தது, அதை மறுக்கமாட்டேன். அரைஞாணிலிருந்து சாவியை எடுத்து, டின்னைத் திறந்து, அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தார். திரையை என் பக்கம் திருப்பவில்லை. பிரிண்ட் போட்டு நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன், உன் அம்மாவிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும் என்றார். சேற்றில் கை வைக்காதீர்கள், எனக்கு வேண்டியதே அந்தச் சேறுதான் என்று மூன்று தடவை சொன்னேன். கேமரா மேல் அடித்துச் சத்தியம் பண்ணினார்.

நாலாம் நாள் காலையில் வந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்டு, வண்ணத்தாள் சுற்றிய பெரிய படம். அம்மா வேண்டாவெறுப்பாகத் தாளைப் பிரித்தார்.

மாமா ஜம்மென்று நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சேறு இல்லை. சட்டையில் சேறு இல்லை. இரண்டு நாள் தாடி இல்லை. லுங்கி இருந்த இடத்தில் ஜரிகை வேட்டி இருந்தது. நிறம் வழக்கம் போல. என்னை ஏறிட்டுப் பார்க்காமல் அண்ணன் மெதுவாகச் சொன்னார்:

"மனசு கேக்கல பாப்பா. கல்யாண வீட்டுப் படத்துல எப்படி அந்த மனுசன அப்படியே விடுறது?"

எனக்குச் சிரிப்பதா, அந்தச் சட்டத்தாலேயே அவர் தலையில் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. இருந்த ஒரே சாட்சியையும் குளிப்பாட்டிக் கொண்டுவந்திருக்கிறார். ஒரே மனுசனை இரண்டு தடவை குளிக்க வைத்து, இரண்டு தடவையும் குடும்பத்தைக் கெடுத்த ஆள் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். இதைத்தான் அன்றைக்கே பார்த்தேனே என்பது போல அம்மா படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். பிறகு குனிந்து, படத்தின் அடிப்பக்கத்தைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். ஜரிகைக் கரைக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள். கணுக்கால் வரைக்கும் செம்மண் சேறு. வலது கட்டைவிரலில் ரத்தம் காய்ந்திருந்தது. அவருக்குப் பின்னால் மண்டபத்தின் வெள்ளைக் கல் படிகளில், கேட்டிலிருந்து வரிசையாக, ஐந்து விரலும் பதிந்த சேற்றுத் தடங்கள். அண்ணன் மார்பு வரைக்கும் பார்த்து, இடுப்புக்கு வேட்டியும் கட்டிவிட்டு, வழக்கம் போல வேலை முடிந்தது என்று கணினியை அணைத்திருக்கிறார்.

அம்மா ரொம்ப நேரம் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் அழுக்கை அழிக்கிறவன், வரைகிறவன் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த அண்ணனைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, என் போனை வாங்கி மாமாவுக்கு அடித்தார். எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை, ஒன்றும் இல்லை.

"செருப்புக்கூட இல்லாமயாடா வந்த?"

அந்தப் பக்கம் மாமாவின் குரல் எனக்கும் கேட்டது. "பதினொண்ணாவது வளைவுல அறுந்துருச்சுக்கா." அம்மா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார். தை மாதம் மாமா மூன்று நாள் முன்னதாகவே இறங்கி வந்தார், புதுச் செருப்போடு. தங்கைக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப்போனார். மேடைக்குக் கீழே கேமராவோடு நின்ற அண்ணனைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வெரசா நடந்தார். மறுபடி குளிக்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் இருக்காதா?

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஸ்டுடியோவில் எட்டிப் பார்ப்பேன். பலகை அப்படியேதான் இருக்கிறது. ஒரிஜினல் கேட்டு யாராவது வந்து நின்றால் அண்ணன் என்னைக் காட்டித்தான் பேசுவார். ரெண்டு வருசமாகப் பேசாத அக்கா தம்பியை என் கைப்பக்குவம் ஒரே படத்தில் சேர்த்து வைத்தது, அன்றைக்கு ஒரிஜினலைக் கொடுத்திருந்தால் நடந்திருக்குமா என்று கேட்பார். நான் நடந்திருக்காது என்று தலையாட்டுவேன்.

அந்தக் கால்களைப் பற்றி அவரிடம் இன்றுவரை நான் மூச்சு விடவில்லை. சொன்னால் பதறிப்போய்விடுவார். படத்தைக் கொண்டா பாப்பா, ரெண்டு நிமிசச் சோலிதான் என்று வாங்கி, துடைத்துக் கொடுத்துவிடுவார்.